ஒன்பதாவது தட்டு

பிரிக்பீல்ட்ஸ்,
28 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு, உன் தம்பி லோகன் எழுதிக்கொள்வது.

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் பண்ணிவிட்டாய். ஃபோன் அடித்தால் எடுப்பதில்லை. அத்தானுக்கு அடித்தேன். "உங்கக்கா கிச்சன்ல சட்டிய உருட்டுற சத்தம் அங்க வரைக்கும் கேக்குதா? கொஞ்ச நாள் போகட்டும்லா, மச்சான்" என்று சொல்லி வைத்துவிட்டார். தபால்காரரை மட்டும் உன்னால் பிளாக் பண்ண முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். கடைசியாக நான் தமிழில் கடிதம் எழுதியது தமிழ்ப்பள்ளியில், பரீட்சைக்காக. எழுத்துப்பிழை இருந்தால் சிரித்துக்கொள். நீ சிரித்தால் அதுவே எனக்குப் போதும்.

முதலில் நன்றி. ஞாயிற்றுக்கிழமை தாமரையின் மஞ்சள் நீராட்டு விழாவில், உன் மாமியார் வீட்டார் அத்தனை பேருக்கும் முன்னால், நான் கொண்டுவந்த அந்த ஒன்பதாவது தட்டைத் தூக்கி என் தலையில் போட்டிருக்கலாம். நீ போடவில்லை. பக்கத்துத் தட்டிலிருந்த பட்டுச்சேலையை எடுத்து அதன்மேல் போர்த்தினாய். அப்போதும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாமரைக்கு மாலை போடச் சொல்லிக் கண்ணால் காட்டினாய். வேறு யாராக இருந்தாலும் மண்டபத்தை இரண்டாக்கியிருப்பார்கள்.

என் பக்கத்தையும் ஒரு தடவை கேள். தாய்மாமன் சீர் ஒற்றைப்படையில் வர வேண்டும் என்று ஒன்பது தட்டு எடுத்தேன். எட்டுத் தட்டில் எல்லாம் முறைப்படிதான் இருந்தன. சேலை, வளையல், பூ, பழம், தேங்காய், லட்டு, மஞ்சள், குங்குமம், எதிலும் குறை வைக்கவில்லை. ஒன்பதாவதில் சங்கிலி இருக்கும் என்று நீ நம்பியிருந்தாய். நானும் ஆடி முடியட்டும், ஆவணியில் போடுகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ துணியை எடுத்தபோது உள்ளே இருந்தது ஒரு ஜோடி காற்பந்து பூட்ஸ், கோல்கீப்பர் கையுறை, ஷா ஆலம் காற்பந்து முகாமில் தாமரைக்கு இடம் எடுத்த ரசீது. சுற்றி மல்லிகைப்பூ. ரசீதின் நான்கு மூலையிலும் மஞ்சள் வேறு தடவியிருந்தேன்.

பூட்ஸ் என் கண்ணுக்குச் செருப்பாகவே தெரியவில்லை, அக்கா. மண் படாத புதுசு. பெட்டியைப் பிரித்து, துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுத்து வந்தேன். உன் நாத்தனார் சீதாலெட்சுமி மைக் பக்கத்தில் நின்றுகொண்டு, "சீர் வந்திருக்கா, செருப்புக்கடை வந்திருக்கா?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. சென்ட்ரல் ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் ரிப்பேர் பார்க்கிறவன் நான். ஒரு படியைத் தப்பாக மாட்டினால் மொத்தமும் நின்றுபோகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குள் மண்டபமே சிரித்துவிட்டது.

முகாம் செப்டம்பர் 14 அன்று தொடங்குகிறது. பள்ளி விடுமுறையில் ஆறு நாள், அங்கேயே தங்க வேண்டும். என்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும். அதற்காக அவளை அனுப்பாமல் விட்டுவிடாதே.

உன் தம்பி,
லோகன்

*

கிள்ளான்,
1 செப்டம்பர் 2025

லோகா,

"அன்புள்ள" என்று போட மனசு வரவில்லை. பேரைப் போட்டதே பெரிசு.

ஃபோனை ஏன் எடுக்கவில்லை என்றால், எடுத்தால் கத்துவேன், பிறகு அழுவேன். இரண்டையும் நீ கேட்க வேண்டாம். பேனா பிடித்தால் கொஞ்சம் நிதானம் வருகிறது. அதனால் எழுதுகிறேன். உன் கடிதத்தில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. புத்தியில்தான் பிழை.

சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டானாம்! பூட்ஸை! படத்தில் இருந்த முருகன் எழுந்து வந்து உன்னை ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா?

நான் சொல்வதை நன்றாகக் கேள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு அம்மா வீடு என்று இருப்பது நீ ஒருவன்தான். அவர்கள் பக்கம் எந்த விசேஷம் என்றாலும் ஒரு பஸ் நிறைய வந்து இறங்குவார்கள். என் பக்கம் நீ மட்டும் கையில் பழப்பையோடு நடந்து வருவாய். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. ஆனால் அந்த ஒரு நாளாவது, "உஷாராணிக்கும் ஆள் இருக்கு" என்று அவர்கள் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன். எல்லாரிடமும் சொல்லி வைத்தேன், என் தம்பி சங்கிலி போடப் போகிறான் என்று. தங்கத்தின்மேல் எனக்கென்ன பைத்தியமா? எனக்கு ஆள் இருக்கிறது என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டியிருந்தது. நீ பூட்ஸைக் கொண்டுவந்து வைத்தாய்.

அந்த முகாமின் விளம்பரத்தையும் பார்த்தேன். வெளிநாட்டு கிளப் சட்டை, பளபளவென்று சிரிக்கிற பிள்ளைகள், "மாநில அணித் தேர்வாளர்கள் நேரில் வருவார்கள்" என்று கொட்டை எழுத்து. நான் தெலுக் பங்லிமா காராங்கில் ரப்பர் கையுறை ஃபேக்டரியில் பேக்கிங் பார்க்கிறவள். ஒரே கையுறையை மூன்று விதப் பெட்டியில் போட்டு மூன்று விலைக்கு அனுப்புகிறோம். பெட்டியைப் பார்த்து மயங்குகிற ஆள் நான் இல்லை. ஆறு நாளில் என்னத்தைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்? சங்கிலி என்றால் கழுத்தில் நிற்கும். முகாம் முடிந்தால் எது நிற்கும்? அழுக்கு ஜெர்சிதான்.

அதுவும் தாமரையை! தமிழ்ப்பள்ளியில் மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கிய பிள்ளை. இடைநிலைப்பள்ளியில், மலாய் பழக ஒரு வருஷம் உட்கார வைக்கிற புகுமுக வகுப்புக்குப் போனதிலிருந்து வாயே திறப்பதில்லை. மலாயில் ஏதோ தப்பாகச் சொல்லி வகுப்பே சிரித்ததாம். அன்றைக்கு மூடிய வாய். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, மரியாதையாகத்தான், "புவான், உங்க மகளுக்குப் பேச்சு வருமா?" என்று கேட்டார். ஸ்கூல் வாசலிலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டிலும் இப்போது ம், ம்ஹூம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட பிள்ளையை முன்பின் தெரியாதவர்களோடு ஆறு நாள் விடச் சொல்கிறாய்.

உண்மையைச் சொல். இது யார் யோசனை? அவளா கேட்டாள்?

உஷா

*

பிரிக்பீல்ட்ஸ்,
4 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

நீ போடாவிட்டாலும் நான் "அன்புள்ள" போடுவேன். நீ எழுதியதே எனக்குப் பெரிய சந்தோஷம். நன்றி.

தாமரைக்கு இதில் எதுவும் தெரியாது. எல்லாம் என் மூளைதான். திட்டுவதென்றால் என்னைத் திட்டு, அவளை ஒன்றும் கேட்காதே.

ஆள் இருப்பதற்கு அத்தாட்சி என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. சங்கிலி என்றால் சங்கிலி என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் கோயிலுக்கு இங்கே வரும்போது, நான் அவளை எங்கள் ஃபிளாட் கார் பார்க்குக்குக் கூட்டிப் போவேன் இல்லையா? இரண்டு தூணுக்கு நடுவில் நின்றுகொள்வாள். நான் அடிப்பேன், அவள் பிடிப்பாள். அங்கே மட்டும் அவள் பேசுவாள், அக்கா. "மாமா, என்ன இது, சோறு சாப்பிடலையா? இன்னும் வேகமா அடிங்க!" என்பாள். கீழ்வீட்டு ஆன்டி ஜன்னலைத் திறந்து சத்தம் போடும் அளவுக்குப் பேசுவாள். நீங்கள் வந்து கூப்பிட்டதும் மறுபடியும் ம், ம்ஹூம். அதனால்தான் எனக்குத் தோன்றியது, பெரிய திடலில் விட்டால் என்ன ஆகும் என்று.

இன்னொன்றும் நினைத்தேன். நீயும் ஒரு காலத்தில் சுங்கை வே தமிழ்ப்பள்ளித் திடலில் ஓடினாய். சடங்கு செய்து உட்கார வைத்த பிறகு உன்னை யாரும் ஓட விடவில்லை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் ரத்து செய்தால் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது. ரத்து செய்துவிட்டு, மீதியைப் போட்டுச் சங்கிலி வாங்கிக்கொண்டு, உன் மாமியார் வீட்டு வாசலில் மேளத்தோடு வந்து நிற்கிறேன். முகாமா, சங்கிலியா, நீயே சொல். நீ எதைச் சொன்னாலும் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

லோகன்

*

கிள்ளான்,
8 செப்டம்பர் 2025

லோகா,

நான் ஓடியது பஸ்ஸைப் பிடிக்க. போட்டியில் ஓடியது ஒரே தடவை, அதில் நாலாவது. மூன்று பேருக்குத்தான் பரிசு. என் கதையை இதில் இழுக்காதே.

தாமரையிடம், "சங்கிலியா, முகாமா?" என்று கேட்டேன். அலமாரிமேல் இருந்த பையை இறக்கி, உடுப்பை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

கூட்டிப் போ. இட்லிப் பொடி கொடுத்து விடுகிறேன். காய்ச்சல் கீய்ச்சல் என்று ஏதாவது வந்தால் உன்னைத்தான் கேட்பேன்.

உஷா

*

பிரிக்பீல்ட்ஸ்,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

நன்றி, நன்றி, நன்றி. இன்று காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் அப்பா அம்மாவோடு காரில் வந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் ரயிலேறி, பிறகு கிராப் டாக்சி எடுத்துப் போனோம். வழியெல்லாம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கோல்கீப்பர்களுக்குத் தனியாக ஒரு கோச், பெயர் நோர்லியா. குட்டையான மலாய்க்கார அம்மா, குரல் மட்டும் லோரி ஹாரன். முதல் விதியே வேடிக்கையாக இருக்கிறது. பந்து வரும்போது "கீப்பர்!" என்று கத்திவிட்டுத்தான் பிடிக்க வேண்டுமாம். கத்தாமல் பிடித்தால் அது கோல் கணக்கில் போய்விடும். தாமரை முகத்தைப் பார்த்தேன். வெளுத்துவிட்டது.

சாயங்காலம் அரை மணி நேரம் மட்டும் ஃபோன் கொடுப்பார்கள். உனக்குத்தான் அடிப்பாள். எனக்குச் சொல்ல உனக்கு மனசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவள் சாப்பிட்டாளா என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடு.

லோகன்

*

கிள்ளான்,
17 செப்டம்பர் 2025

லோகா,

சாப்பிட்டாளாம். அந்த ஒரு வரி முடிந்தது. இனி நான் எழுதுவதை நீ அத்தானிடம் சொல்லக் கூடாது.

திங்கட்கிழமை சாயங்காலம் அடித்தாள். அழுகை. "அம்மா, வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள். என்ன ஆச்சு என்றால் சொல்ல மாட்டேன் என்கிறாள். தோண்டித் தோண்டிக் கேட்டதில் வந்தது. இரண்டு நாளாக வருகிற பந்தையெல்லாம் பிடிக்கிறாளாம். ஆனால் வாய் திறக்காததால் எல்லாமே கோல். அவள் நிற்கிற பக்கம் தோற்றுக்கொண்டே இருக்கிறதாம். "நாளைக்கு என்னை யாரும் சேத்துக்க மாட்டாங்கம்மா" என்றாள். எனக்கு உன்னை அப்போதே கிழித்துப் போட வேண்டும் போல் இருந்தது.

மறுநாள் மலேசியா தினம், ஃபேக்டரி லீவு. அத்தான் ஜோகூருக்கு லோரி எடுத்துப் போயிருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பிள்ளையைக் கூட்டி வர இன்னொரு ஹெல்மெட்டையும் வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஃபெடரல் ஹைவேயில் நான் தனியாக மோட்டார் ஓட்டியது இதுதான் முதல் தடவை. வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே போனதில் பயமே தெரியவில்லை.

ஆபீஸில், பயிற்சி நடக்கிறது, முடிந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்தக் கோடி வரைக்கும் பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே சட்டை, ஒரே தொப்பி. யார் எவர் என்றே தெரியவில்லை. தூரத்து கோல் பக்கம் ஒரு பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. "கீப்பர்! கீப்பர்!" பிறகு, "நாயிக்! நாயிக்!" அதாவது எல்லாரும் முன்னால் ஏறுங்கள் என்று மலாயில் விரட்டுகிறது. அப்பப்பா, என்ன தொண்டை, யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பந்து வலைக்குப் பின்னால் போய்விட்டது. அந்தப் பிள்ளை அதை எடுக்கத் திரும்பி ஓடி வந்து, குனிவதற்கு முன்னால் பின்னலை எடுத்துச் சட்டைக் காலருக்குள் சொருகியது. நான் பின்னக் கற்றுக்கொடுத்த பின்னல், லோகா.

மறுபடியும் கோலுக்குப் போய் நின்றாள். மறுபடியும் கத்தினாள். குரல் நடுவில் உடைந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. மலாய்ப் பிள்ளைகள், ஒரு சீனப் பிள்ளை, எல்லாரும் அவள் கை காட்டிய பக்கம் ஓடினார்கள். வகுப்பில் தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்று கேட்கவே பயப்படுகிற என் பிள்ளை சொல்கிறாள், அவர்கள் கேட்கிறார்கள்.

மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கேட்டில் இருந்த நேப்பாளக் காவலாளி பயந்துபோய் ஓடி வந்து, யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று கேட்டார். இல்லை பாய், ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை என்றேன். அவளைக் கூப்பிடவில்லை. இரண்டாவது ஹெல்மெட்டைக் காலியாகவே மாட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் மறுபடியும் அடித்தாள். "நீங்க வரலையாம்மா?" என்றாள். மோட்டார் பஞ்சர் என்று பொய் சொன்னேன். "பரவால்லம்மா. இன்னும் மூணு நாள்தானே" என்றாள். தொண்டை கட்டிப்போய்த் தவளை மாதிரி பேசினாள்.

இதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மண்டபத்தில் பட்டது பட்டதுதான். வெள்ளிக்கிழமை எனக்கு ஷிஃப்ட் இருக்கிறது. நீயே போய்ப் பார்த்து, கூட்டி வந்து கிள்ளான் ஸ்டேஷனில் விடு. அத்தான் வந்து ஏற்றிக்கொள்வார்.

உஷா

*

பிரிக்பீல்ட்ஸ்,
23 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். நீ அவளைக் கூப்பிடாமல் திரும்பியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் நான் இப்போது எழுத வந்தது வேறு. நீ சொன்னதுதான் சரி. நான் பெட்டியைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

கடைசி நாள் ஆட்டத்தைப் பார்த்தேன். அவள் பக்கம் நான்கு கோல் வாங்கித் தோற்றது. அது பரவாயில்லை. மாநிலத் தேர்வாளர் என்று ஒருவர் வந்தார். சான்றிதழ் கொடுத்தார், படம் எடுத்துக்கொண்டார், பெண் பிள்ளைகள் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் காரேறிப் போய்விட்டார். நேராக அந்த நோர்லியாவிடம் போய், என் மருமகளுக்குத் தேர்வில் இடம் உண்டா, இல்லையா என்று கேட்டேன். அந்தம்மா மழுப்பவில்லை. ஆறு நாளில் கோல்கீப்பர் உருவாக மாட்டாள், இங்கே கட்டுகிற பணத்தில் பாதி ஜெர்சிக்கும் விளம்பரத்துக்கும் போகிறது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். "சனிக்கிழமை காலையில கிள்ளான்ல ஒரு திடல்ல நானே சும்மா சொல்லிக் கொடுக்கிறேன். அங்க அனுப்புங்க. இவளை நான் விட மாட்டேன்" என்றார். ஒரு பக்கம் சந்தோஷம்தான். ஆனால் சும்மா கிடைக்கிற ஒன்றுக்கா நான் ஒரு சங்கிலியைத் தொலைத்தேன், அதுவும் உன்னை அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைத்து?

தாமரை ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. மாமா ஏமாந்துவிட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

ஓவர்டைம் கேட்டிருக்கிறேன். பொங்கலுக்குள் சங்கிலி வந்துவிடும். இது சத்தியம். தீபாவளிக்கு நான் வரவில்லை. சென்ட்ரலில் டூட்டி என்று சொல்லிவிடு. என்னைப் பார்த்தால் உன் நாத்தனாருக்கு மறுபடியும் செருப்புக்கடை ஞாபகம் வரும். நல்ல நாளில் உனக்கு அது வேண்டாம்.

தாமரையைச் சனிக்கிழமை அனுப்பு. அதற்காவது இது உதவட்டும்.

லோகன்

*

கிள்ளான்,
22 அக்டோபர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

பார்த்தாயா, போட்டுவிட்டேன். இன்னொரு தடவை படித்துக்கொள்.

ஒரு மாசமாகப் பதில் போடவில்லை என்று வருத்தப்பட்டிருப்பாய். என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். நேற்று முன்தினம் தீபாவளியன்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். உன்னை விட்டால் யாரிடம் சொல்வேன்?

மத்தியானம் வழக்கம்போல அவர்கள் எல்லாரும் வந்து இறங்கினார்கள். கூடம் நிறைய ஆள். தாமரை சனிக்கிழமைப் பயிற்சிக்குப் போட்ட பூட்ஸைக் கழுவி வாசலில் வெயிலில் வைத்திருந்தாள். சீதாலெட்சுமி அதைத் தாண்டித்தானே உள்ளே வர வேண்டும்? முறுக்குத் தட்டோடு உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார். "என்ன உஷா, தம்பி வச்ச சீரு இன்னும் வாசல்ல காயுது? கழுத்துல போட்டு அழகு பாக்கலையா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். வேறு என்ன செய்வது, நல்ல நாள். எழுந்து கிச்சனுக்குப் போகலாம் என்று திரும்பினேன்.

"அத்தை!"

யாரோ வெளியிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். அந்தக் குரல்தான், லோகா. ஷா ஆலம் திடலில் வேலிக்குப் பின்னால் நின்று கேட்டேனே, அதே குரல். தாமரை மாடிப்படிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அத்தை, நான்தான் மாமாகிட்ட கேட்டேன். எனக்கு சங்கிலி வேணாம், பூட்ஸும் கிளவ்ஸும் வேணும், கேம்புக்கு போகணும்னு. மாமா நான் கேட்டத கொண்டாந்து குடுத்தாரு. நீங்க மைக்ல சிரிச்சீங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து எங்கம்மா அழுதாங்க. எங்க மாமாவப் பாத்து இனிமே சிரிக்காதீங்க, அத்தை."

டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் எழுந்து அதை அணைத்தார். "கேட்டுச்சாக்கா?" என்று சீதாலெட்சுமியைப் பார்த்துக் கேட்டார். "இல்லன்னா இன்னொரு தடவ சொல்லச் சொல்றேன்." எத்தனையோ வருஷமாக அவர் தன் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

சீதாலெட்சுமியும் மனுஷிதான். போகும்போது தாமரையைக் கூப்பிட்டுக் கையில் காசு போட்ட அங்பாவ் உறையை வைத்து, "தொண்டை நல்லாத்தான் இருக்கு. எப்போ உன் மேட்ச்?" என்றார். வாசலில் பூட்ஸை மிதிக்காமல் சுற்றிப் போனார்.

அவர்கள் போன பிறகு நான் கிச்சனில் நின்று அழுதேன். ஏண்டா என்னிடம் சொல்லவில்லை? இது யார் யோசனை என்று அப்போதே கேட்டேனே! எல்லாம் என் மூளைதான் என்று எழுதினாயே, பாவி! உன்னிடம் இல்லாத மூளையை இருக்கிறது என்று சொல்லி, அத்தனை திட்டையும் நீயே வாங்கிக்கொண்டாய். பிள்ளை என்னிடம் ஒரு சொல் வாங்கக் கூடாது என்று மண்டபம் சிரித்ததைத் தாங்கிக்கொண்டு நின்றாய். தாமரைதான் சொன்னாள், "அம்மாகிட்ட சொல்லாதே, நான் பாத்துக்கிறேன்" என்று நீ சொன்னாயாம். இதைவிட வேறு என்னடா சீர் வேண்டும் ஒரு தாய்மாமனிடம்? நான்தான் கண்ணிருந்தும் பார்க்கவில்லை. உனக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

முகாம் காசுக்குத் தகுமா என்று நீயே மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பாய். நான் சொல்கிறேன், கேள். காற்பந்துக்கு என்றால் தகாது. நோர்லியா சும்மா சொல்லிக் கொடுப்பதுதான் உண்மையான பயிற்சி. இந்த நாலு வாரத்தில் அவள் கற்றுக்கொண்டது அந்த ஆறு நாளில் கற்றதைவிட அதிகம். மாநில அணி என்று விளம்பரத்தில் போட்டதெல்லாம் வெறும் பெட்டி. நாளைக்கு யாராவது பிள்ளையை அனுப்பலாமா என்று என்னைக் கேட்டால், முதலில் பக்கத்துத் திடலைப் பார் என்றுதான் சொல்வேன். ஆனால் கத்தாமல் பிடித்தால் கோல் என்று என் பிள்ளைக்குச் சொல்ல, அந்த நோர்லியாவை நான் எங்கே போய்த் தேடியிருப்பேன்? என் வரைக்கும் கட்டிய காசு போன வழி நல்ல வழிதான். ஸ்கூல் ஆசிரியையும் மறுபடியும் கூப்பிட்டார், உங்கள் மகள் வகுப்பில் கொஞ்சம் மெதுவாகப் பேசினால் நல்லது என்று. எனக்கு அதைக் கேட்கக் கேட்கத் தித்திப்பாக இருந்தது.

சங்கிலி வாங்காதே. ஓவர்டைமை நிறுத்து. நேரத்துக்குச் சாப்பிடு. என் பக்கம் நீ ஒருவன்தான் என்று எழுதினேன் இல்லையா? தப்பு. என் பக்கம் இன்னொருத்தியும் இருக்கிறாள். அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னாள், எல்லாரும் கேட்டார்கள். எனக்கு ஆள் இருக்கிறது என்பதற்கு இனிமேல் எந்த அத்தாட்சியும் வேண்டாம்.

பொங்கலுக்குக் கண்டிப்பாக வா. டூட்டி, சென்ட்ரல் என்று கதை அளக்காதே. அவளுக்குக் கால் வளர்ந்துவிட்டது, பழைய பூட்ஸ் முன்னால் இடிக்கிறது. புதுசு ஒன்று வாங்கி வா. பிளாஸ்டிக் பையில் போட்டுப் பின்வாசல் வழியாகக் கொண்டு வராதே. அவர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு, தட்டில் வைத்து, மல்லிகைப்பூ சுற்றி, முன்வாசல் வழியாகக் கொண்டு வா. நான் ஆரத்தியோடு நிற்கிறேன்.

உன் அக்கா,
உஷாராணி